ஒரு சாண் இடைவெளி

வெளியிலிருந்து பார்க்க அடுக்கு முழுசாகத்தான் இருந்தது. கம்பி இழுக்கும் தொழிற்சாலையின் ஸ்டோர் ரூமில் செம்புக் கட்டிகள் ஆள் உயரத்துக்கு, ஒன்று கூட இடம் மாறாமல் நின்றன. இருப்புப் பார்க்க வந்த முதலாளி சும்மா ஒரு கட்டியைத் தூக்கினார். அடியில் கட்டி இல்லை, பலகை இருந்தது. பலகையை நகர்த்தி டார்ச் அடித்தால் தரை தெரிந்தது.

நாலு பக்கமும் சுவர் மாதிரி வெளி வரிசையை விட்டுவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் யாரோ நிதானமாக உருவியிருக்கிறார்கள். வேலை தெரிந்த திருடன்தான், சந்தேகமே இல்லை.

காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயர் ‘மூணு தடவை’. எதையும் மூன்று தடவை கேட்பார். முதல் தடவை ஆள் யோசித்து வைத்திருப்பதைச் சொல்வான், இரண்டாவது தடவை எரிச்சலில் சொல்வான், மூன்றாவது தடவைதான் பார்த்ததைச் சொல்வான் என்பது அவர் கட்சி. கேட்கப்படுகிறவர்களுக்குத் தலை சுற்றும். அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது.

முதலாளி வழக்கையே முடித்து வைத்திருந்தார்.

“திருடன் யாருன்னு தெரியும் மேடம். விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போங்க.”

அவர் கை காட்டியது வாட்ச்மேனை. வாட்ச்மேன் வேறு யாரும் இல்லை, முதலாளியின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கேட்டை ஒட்டிய அறையில்தான் குடியிருப்பு.

“பூட்டு உடையல. சாவி ரெண்டு. ஒண்ணு ஸ்டோர் பாக்குற என் தம்பிகிட்ட. இன்னொண்ணு என் வீட்டு ஆணியில தொங்குது. தினம் எங்க வீட்டுக்குள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போறது இவர்தான்.”

“அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாங்க,” என்றார் முதலாளியின் மனைவி.

“நீ பேசாத. இன்னியோட இந்தாளு என் வாசல் மிதிக்கக் கூடாது. நீயும் போய்ப் பாக்கக் கூடாது. அண்ணனா, வீடா, நீயே முடிவு பண்ணிக்கோ.”

அந்தம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வாட்ச்மேன் தங்கையை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவமானத்தில் அவருக்குக் காது வரை சிவந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்தார். இரண்டு ஆள் உயரச் சுவர், மேலே கண்ணாடிச் சில்லு. ஒரே கேட். உள்ளே வந்து போகிற வண்டியும் ஒன்றே ஒன்று, முதலாளியின் தம்பி ஓட்டுகிற பழைய பிக்கப். காலையில் புது அட்டைப்பெட்டிகளைக் கொண்டு வரும். சாயங்காலம் கிழிந்த அட்டைகளைப் போட்டுக்கொண்டு காலியாகப் போகும்.

“சாயங்காலம் வண்டியைச் சோதிப்பீங்களா?” என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

“தினமும் மேடம். முன்னாடி கல் குவாரியில கேட் பாத்தவன் நான். மேல என்ன கிடக்குன்னு கிளறிட்டு இருக்க மாட்டேன். பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல கையை விரிச்சு வைப்பேன். ஒரு சாண் இருந்தா வண்டி காலி. பாரம் இருந்தா அடியில இருக்கற ஸ்பிரிங் பட்டை அமுங்கும், கை நுழையாது. ஆள் பொய் சொல்லலாம், பட்டை சொல்லாது.”

“எவ்வளவு இருந்துச்சு?”

“ஒரு சாண்.”

“எல்லா நாளும்?”

“அதான் சொன்னேனே மேடம். ஒரு சாணுக்குக் குறைஞ்சதே இல்ல.”

“சரி. எவ்வளவு இருந்துச்சு?”

வாட்ச்மேன் கொஞ்சம் யோசித்தார். “இந்த ரெண்டு மாசமா பல நாள் கூடவே இருக்கும். ஒரு சாண், மேல நாலு விரல். சில நாள் மட்டும் சரியா ஒரு சாண். கூடினா நமக்கென்ன மேடம், குறைஞ்சாத்தானே திருட்டு.”

“உள்ள வர்றப்ப அளப்பீங்களா?”

“வெளியிலேர்ந்து செம்பைக் கொண்டு வந்து நமக்குக் குடுத்துட்டா போவாங்க?”

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பிக்கப்பைப் பார்க்கப் போனார்.

வண்டி மூக்கைத் தரையில் குத்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. முதலாளியின் தம்பி சட்டையில் மடிப்புக் கலையாத இளைஞன். கேட்பதற்கு முன்பே விளக்கம் சொன்னான். “ரோடு மோசம் மேடம். அடி தட்டுது. பழைய வண்டி வச்சிருக்கறவங்க எல்லாரும் செய்யறதுதான், பின்னாடி பட்டை சேர்த்து உயரம் ஏத்திக்கிட்டேன்.”

நியாயமான பதில்தான். இன்ஸ்பெக்டர் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார். துருவேறிய பட்டைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் கறுப்புப் பெயின்ட் மாறாமல் புதுசாக இருந்தது. முன் பம்பர் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் பார்த்துக்கொண்டார். அடி தட்டும் என்று கவலைப்பட்டவன் முன்பக்கத்தை ஒரு விரல்கூட உயர்த்தவில்லை.

அந்த வண்டியில் தம்பிகூடவே வந்து போகிறவர் பேக்கிங் அக்கா. அட்டைப்பெட்டிக் கடைக்குப் பக்கத்தில் அவர் வீடு.

“வண்டிப் பயணம் எப்படி அக்கா?”

“அதை ஏன் கேக்கறீங்க. பட்டை சேர்த்ததுலேர்ந்து எலும்பு எல்லாம் கழண்டு போச்சு. ஒரு குழியில விழுந்தா தலை கூரையில முட்டுது. இடுப்புக்கு எண்ணெய் தேய்ச்சே என் சம்பளம் கரையுது.”

“போகும்போதும் வரும்போதும் அப்படித்தானா?”

“அப்படித்தான்.”

“எல்லா நாளும்?”

“ஆமா மேடம், தினமும்.”

“வீட்டுக்குப் போகும்போதும் தினமும் தலை முட்டுதா?”

அக்கா யோசித்தார். “சில சாயங்காலம் முட்டாது. தொட்டில் ஆட்டற மாதிரி போகும், எனக்குத் தூக்கமே வந்துரும். அன்னிக்குத் தம்பி என்னை முதல்ல வீட்டுல இறக்கி விட்டுட்டுப் போவார். பொறுமையா ஓட்டறார் போலன்னு நினைச்சுக்குவேன்.”

“ரோடு அதேதானே?”

“அதே குழி, அதே மேடு.”

மதியம் இன்ஸ்பெக்டர் அந்த வண்டிக்குப் பட்டை சேர்த்த ஸ்பிரிங் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரருக்கு வேலையை விட வாய் அதிகம்.

“நல்லா ஞாபகம் இருக்கு மேடம். அந்த மாதிரி கிராக்கி என் ஆயுசுல வரல. முதல்ல ரெண்டு பட்டை சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். வண்டி ஜம்முனு தூக்கி நின்னுச்சு. எல்லாரும் அதோட காசு குடுத்துட்டுப் போவாங்க. இவர் எங்கேர்ந்தோ மண் மூட்டை கொண்டாந்து ஏத்தினார். ஏத்திட்டு, உயரம் ஜாஸ்தியா இருக்கு, ஒண்ணைக் கழட்டுன்னார். உயரம் வேணும்னு வந்துட்டு உயரம் ஜாஸ்தின்னா, ஆளுக்கு மறை கழண்டுருச்சோன்னு நினைச்சேன்.”

“எத்தனை மூட்டை?”

“அரை டன் இருக்கும்.”

சாயங்காலம் நாலு மணிக்குத் தொழிற்சாலையில் எல்லாரையும் பிக்கப்பைச் சுற்றி நிற்கச் சொன்னார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். “விலங்கு கொண்டாந்தீங்களா மேடம்?”

“இருக்கு. யாருக்குன்னு பாக்கலாம்.” வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். “காலி வண்டி. அளந்து சொல்லுங்க.”

வாட்ச்மேன் கையை விரித்து வைத்தார். “ஒரு சாண், நாலு விரல்.”

“நல்ல வாட்டசாட்டமான ஆளா எட்டு பேர் பின்னாடி ஏறுங்க. அரை டன் வரணும்.”

தொழிலாளர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பட்டைகள் முனகிக்கொண்டு அமுங்கின. இதுவரை மூக்கைக் குத்தி நின்ற வண்டி மட்டமாக நின்றது.

“இப்ப அளங்க. உங்க கணக்குப்படி வண்டி எப்படி இருக்கு?”

வாட்ச்மேன் குனிந்து கையை வைத்தார். சரியாக ஒரு சாண். “கா...லி,” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். மேலே எட்டு பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“உங்க அளவு தப்பில்ல,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஆனா அது பழைய பட்டைக்கான அளவு. வண்டி உயர்ந்ததும் காலி வண்டியோட அளவும் நாலு விரல் உயர்ந்துருச்சு. நீங்க குறையுதான்னு மட்டும் பாத்தீங்க. அரை டன் ஏத்தினா எவ்வளவு அமுங்குமோ, அவ்வளவு மட்டும் தூக்கி வச்சுட்டா உங்க கைக்கு எதுவுமே தெரியாது. உங்க கை அளவு தெரிஞ்ச ஒருத்தர், மண் மூட்டை ஏத்திப் பாத்து, ஒரு பட்டையைக் கழட்டி, கணக்கா அதைச் செஞ்சிருக்கார்.”

முதலாளி தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

“கிழிஞ்ச அட்டைக்கு அடியில கட்டிகளைப் பரப்பிட்டா வெளியே தெரியாது. மத்ததை எல்லாம் மறைச்சுட்டார். பேக்கிங் அக்காவோட இடுப்பைத்தான் மறந்துட்டார். பட்டை சேர்த்த வண்டி காலியாப் போனா தூக்கித் தூக்கிப் போடும். பாரம் ஏறினாத்தான் சாது ஆகும். காலி வண்டி அதே ரோட்டுல சில நாள் மட்டும் ஏன் தொட்டில் மாதிரி போச்சு? அன்னிக்கெல்லாம் வண்டி காலி இல்ல.”

தம்பி மறுக்கவில்லை. மூன்று தடவை கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

“பத்து வருஷமா உழைக்கறேன்ணா. பங்கு கேட்டா அப்புறம் அப்புறம்னே இழுத்தடிச்ச,” என்றான் அண்ணனிடம்.

முதலாளி பிக்கப்பின் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, “மேடம், இது வீட்டு விஷயம். நாங்களே உள்ளே பேசித் தீர்த்துக்கறோம். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்,” என்றார்.

இன்ஸ்பெக்டர் பதில் சொல்வதற்குள் மனைவி முன்னால் வந்தார். காலையிலிருந்து அழுத முகம். குரலில் அழுகை இல்லை.

“என் அண்ணனுக்கு விலங்கு மாட்டச் சொன்னப்ப இது வீட்டு விஷயம்னு தெரியலையா உங்களுக்கு?”

எட்டு பேரும் வண்டியிலிருந்து சத்தமில்லாமல் இறங்கினார்கள்.

அந்தம்மாள் அண்ணனின் பக்கத்தில் போய் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “கூட்டிட்டுப் போங்க மேடம். என் கொழுந்தன்தான், நான் கல்யாணமாகி வந்தப்ப ஸ்கூல் போயிட்டு இருந்த பிள்ளை. ஆனாலும் கூட்டிட்டுப் போங்க. ராத்திரி சாப்பாடு நான் கொண்டாந்து குடுக்கறேன்.”

தம்பி அப்போதுதான் அழுதான். அண்ணி அவன் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, ஜீப்பில் ஏறச் சொன்னார்.