சுவரோரம் ஒன்று

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள் கண்ணுகளா. போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொள்ளுங்கள். ஒரு கதை சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

தனியாகக் குடியிருந்த ஒரு பெண்ணின் கட்டிலில், யாரும் படுத்திராத பிற்பகல் ஒன்றில், பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. அங்கேதான் தொடங்கியது.

கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்களை எழுதுவது அவள் பிழைப்பு. அப்போது கையில் இருந்தது ஒரு மெத்தை விரிப்பு, துணையில்லாமல் வாழ்கிறவர்களுக்கானது; சோதிப்பதற்காகத் தன் கட்டிலிலேயே விரித்திருந்தாள். படுத்தவரின் மூச்சை அது கேட்டுக்கொண்டே இருக்கும். மூச்சு நின்றால் வேண்டியவர் போனுக்கு அழைப்பு போகும். படுத்தவர் எழுந்து போனாலோ, தன் சிப்புக்குள் இதயம்போல் அடிக்கிற கிளாக்கை நிறுத்தி, பச்சை விளக்கையும் அணைத்துவிட்டு விரிப்பும் தூங்கிவிடும். ஒருவர் வந்து படுத்து, கிளாக் வேண்டுமென்று கேட்டால் எண்ணிக்கையில் ஒன்று ஏறும். அவர் எழுந்து அதைத் திருப்பிக் கொடுத்தால் ஒன்று இறங்கும். பூஜ்யமானால் துடிப்பு நிற்கும். எடுத்தவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரும் ஒழுங்கு அது.

காலிக் கட்டிலுக்கே மடிக்கணினித் திரை 'ஒன்று' என்று காட்டியது. அவள் படுத்தால் இரண்டு. எழுந்தால் மறுபடி ஒன்று. ஒரு மாதம் வரவேண்டிய பேட்டரி ஒரே நாளில் தீர்ந்தது.

மறுநாள் காலை விரிப்பு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும். வேலை போனால், நாள் முழுக்க அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு குரல்கூட இராது. வேண்டியவர் எண் கேட்ட இடத்தில் அவள் போட்டிருந்ததே மேலதிகாரியின் எண்ணைத்தான்.

நிரலை இரண்டு முறை வரிவரியாகச் சலித்தாள். பிசகே இல்லை. மின்விசிறியின் அதிர்வாக இருக்குமோ என்று அதை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், முனகிக்கொண்டிருந்த குளிர்பெட்டியையும் அணைத்தாள். குழாய்ச் சொட்டும் மேல்வீட்டு நாற்காலி இழுபடும் ஓசையும் ஒவ்வொன்றாக ஓய்ந்தபின், ஈரத்துணியை மூடிவைத்தாற்போல ஒரு வாடை மட்டும் சுவரோரமிருந்து மெல்ல எழுந்தது. அந்தப் பக்கம் அவள் படுப்பதே இல்லை. அங்கிருந்த தலையணையின் உறையில் கடையிலிருந்து வந்த மடிப்புகூடக் கலையவில்லை.

திரையில் மூச்சுக்கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். கோடு நிதானமாக ஏறியது. இறங்கியது.

மேலதிகாரி போனில் சிரித்தார். "உன் கட்டில்ல யாரும்மா ஓசியில படுத்திருக்கறது? விருந்தாளிய எழுப்பி அனுப்பு."

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு நாள் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு அனுப்பச் சொன்னார்.

"யாரு எடுத்ததுன்னே தெரியாம, நான் எப்படி சார் திருப்பிக் குடுக்கறது?"

"யாரோ ஒருத்தர் குடுத்தா சரிதாம்மா. மெஷினுக்கு முகமா தெரியும்?"

ஒரே ஒரு வரி சேர்த்தாள். எண்ணிக்கை பூஜ்யமானது. கோடு படுத்தது. பச்சை விளக்கு அணைந்தது.

நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, வீட்டிலிருந்த ஒருவரை வாசலோடு துரத்தி அனுப்பிய உறுத்தல். அறை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

சோதித்துப் பார்க்கவென்று கட்டிலின் வெளிப்பக்கம் படுத்தாள். இப்போது ஒன்று காட்ட வேண்டும்.

பூஜ்யம்.

ஆழமாக மூச்சிழுத்தாள். கோடு அசையவில்லை. புரண்டு படுத்தாள். பூஜ்யம்.

வாடை திரும்பி வந்தது.

சுவரோரம் மெத்தை அமுங்கியது. மெதுவாக. ஒரு ஆள் பாரம்.

பச்சை விளக்கு எரிந்தது.

ஒன்று.

கோடு ஏறியது. இறங்கியது. கழித்தது தன் பங்கைத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். மூச்சின் சூடு தட்டவில்லை. மறுபடி இழுத்தாள். இல்லை.

மேசைமேல் போன் சும்மா கிடந்தது. விரிப்பு யாரையும் அழைக்கவில்லை. அதன் கணக்கில், கட்டிலில் ஒருவர் நன்றாகவே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத தலையணையில் தலையளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. அது அவள் பக்கமாகத் திரும்பியது.

போய்ப் படுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் எத்தனை மூச்சு கேட்கிறதோ, அத்தனையும் நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களுடையதாகவே இருக்கட்டும்.