அமுங்காத கல்லறை

"எங்கம்மாவோட கல்லறைக் கல்லை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க, ஐயா."

டீலியா ஃபாலன் உட்காராமலே சொன்னாள். பிட்ஸ்பர்க் போலீஸில் துப்பறிந்து ஓய்வுபெற்ற அகஸ்டின் ரீகர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவருடைய மனைவியின் தம்பி, டிராம் ஓட்டும் ஜெரி டூலன், குடித்துக்கொண்டிருந்த சூப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றான்.

டீலியாவுக்கு ஐம்பதைத் தொடும் வயது. அடுத்த கோடையைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்கு வயதில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தாயின் கல்லறையைத் திறந்து, அதே குழியில் தன்னையும் வைக்க வேண்டும் என்று போன ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம் கேட்டுக்கொண்டாள். அந்த வாரமே, வழக்கம்போலப் பூ கொண்டுபோனபோது, கல்லைக் காணோம்.

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

"கல்லறைத் தோட்டத்துக் காவக்காரர் வோய்ட்டா மேலதான். எங்க ஓவன் அண்ணன் என்னடான்னா, கல்லுதானே, விட்டுடுங்கறார்."

புனித பிரெண்டன் கல்லறைத் தோட்டம் குன்றின் மேல் இருந்தது. கல் நின்ற குழியில் மண் போட்டு, மிதித்து, மேலே புல்லோடு வெட்டிய மண்கட்டியையும் பதித்திருந்தார்கள். புல்லில் இழுத்த தடம் இல்லை. உருளைக் கட்டைகள் அழுத்திய கோடுகள் மட்டும் பாதைவரை போயிருந்தன.

"வோய்ட்டாதான் மச்சான். பழைய கல்லுல பேரை இழைச்சு எடுத்துட்டு வித்திருப்பான்" என்றான் ஜெரி.

"திருடுறவன் குழியை மூடிட்டா போவான், மாப்ளே? வாரா வாரம் வர்ற ஒருத்தி தடுக்கி விழுந்துடக் கூடாதேன்னு யாரோ நினைச்சிருக்கான்."

ரீகர் அந்த வரிசை நெடுக நடந்தார். அந்தக் காலத்துக் கல்லறைகள் எல்லாமே நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தன. பெட்டி உளுத்துப்போனால் மேல்மண் அமுங்கத்தான் செய்யும். டீலியாவின் தாயின் கல்லறை மட்டும் மேசைபோலத் தட்டையாக இருந்தது. அவர் நெடுநேரம் அங்கேயே நின்றார்.

அங்கிருந்து ஓவன் வீட்டுக்குப் போனார்கள். ஆயுளெல்லாம் படகுத்துறையில் உருளைக் கட்டைகளை வைத்துப் பாரம் ஏற்றி இறக்கிய மனிதர். சமையலறையில் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார்.

"கல்லு போனா என்னங்க? அம்மா நல்ல இடத்துலதான் இருக்கா. அவளுக்கு ஆறுன்னா உசிரு. படுத்த இடத்துலேர்ந்தே பாத்துக்கிட்டிருக்கா."

வெளியே வந்ததும் ரீகர் கேட்டார். "அந்தக் கல்லறைகிட்ட நின்னப்போ உனக்கு ஆறு தெரிஞ்சுதா, மாப்ளே?"

"எங்க தெரியும்? முன்னாடி கோயில் மறைக்குதே."

ஆறு தெரிந்தது ஒரே இடத்தில்தான். வேலிக்கு வெளியே, சரிவில், முட்புதர் மண்டிய மூலை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளையும், தற்கொலை செய்துகொண்டவர்களையும் புதைத்த, சாமியார் ஜெபித்து மந்திரிக்காத மண். புதரை விலக்கியதும் கல் தெரிந்தது. நேராக நட்டிருந்தது. அதன் முன்னால் மண் நன்றாக அமுங்கியிருந்தது.

மறுநாள் பங்குச்சாமியாரின் வீட்டில் ரீகர் எல்லோரையும் கூட்டினார். டீலியா, ஓவன், வோய்ட்டா மூவரும் வந்திருந்தார்கள். போலீஸ் நாட்களில் இந்தக் கட்டம்தான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். மூடிய குழியையும் உருளைத் தடத்தையும் ஆற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்.

"அமுங்காத கல்லறையில பெட்டியே இல்லைன்னு அர்த்தம். உங்கம்மா அங்க இல்லை, டீலியா அம்மா. ஒருநாளும் இருந்ததில்லை. கல்லை எடுத்தது உங்கண்ணன். அவங்க இருக்கற இடத்துக்குத்தான் கொண்டுபோயிருக்கார்."

டீலியா அண்ணனைப் பார்த்தாள். "காய்ச்சல்னு சொன்னீங்களே?"

ஓவன் தொப்பியைக் கையில் பிசைந்தார். "ஆத்துல விழுந்துட்டா. தானா. மந்திரிச்ச மண்ணுல இடமில்லைன்னு அப்போ இருந்த சாமியார் சொல்லிட்டார். அப்பா ஊர் வாய்க்குப் பயந்து தோட்டத்துக்குள்ள ஒரு கல்லை நட்டார். யாருகிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார்."

"நான் வாரா வாரம் பூ கொண்டுபோனேனே, அண்ணே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"அந்தப் பூவைப் பாத்துட்டு எப்படிம்மா சொல்றது? ஆனா நீ வெறும் மண்ணுல தனியாப் படுக்கப்போறேன்னதும் தாங்கலை. என் வாயால சொல்லலை. கல்லைத் தேடி நீயே அங்க வந்து கேப்பேன்னு இருந்தேன். காணோம்னு நீ வந்து நின்னப்போ பயந்துபோய் விட்டுடுன்னுட்டேன்."

வோய்ட்டா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓவனின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. நாற்பத்தைந்து வருஷமாகக் காத்த மானம் அந்நியர் முன்னால் அவிழ்ந்து கிடந்தது. டீலியா எழுந்து போனாள். துப்புத் துலங்கிய மகிழ்ச்சியில் ஜெரி ரீகரின் தோளைத் தட்டினான். அவர் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

இப்போதைய இளம் பங்குச்சாமியார் அந்த மூலையை மந்திரித்தார். வேலியையும் தள்ளிப் போட்டார்கள். ஆனால் டீலியா அண்ணனோடு பேசவில்லை. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஒருநாள் ஓவன் படகுத்துறையில் மாரடைத்துச் செத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் டீலியா ரீகரின் வீட்டுக்கு வந்தாள். ரொம்பவும் மெலிந்திருந்தாள்.

"என்கிட்ட மட்டும் தனியாச் சொல்லியிருக்கலாமே, ஐயா. நானும் அண்ணனும் சமையலறையில உக்காந்து அழுது தீத்திருப்போம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார் ரீகர்.

"அண்ணனை அம்மா பக்கத்துலயே வெச்சுட்டேன். மறுபக்கம் எனக்கு." கையுறையை மாட்டிக்கொண்டு கதவுவரை போனவள் நின்றாள். "டிராம் வரைக்கும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்களா? முன்னெல்லாம் அண்ணன்தான் வருவார்."

ரீகர் கோட்டை எடுத்துக்கொண்டார்.