பூஜைக்கு வைத்த பையில் எட்டுக்காலி

அஷ்டமி நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். பொன்னையனாகிய நான். என் தம்பி ஜெயன். அவன் மனைவி பிரசீதா. அவர்களுடைய பிள்ளைகள் ஜிஷாவும் அகிலேஷும். பக்கத்து வீட்டு சரோஜம். வேறு யாரும் இல்லை. கொல்லயில் என்கிற எங்கள் ஊரில் வேறு யாராவது, "நானும் அங்கே இருந்தேன்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜிஷாவுக்குப் பத்து வயது. அகிலேஷுக்கு ஏழு.

எங்கள் வீட்டு வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நவராத்திரியில் அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களை எல்லாம் சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கிப் பூஜைக்கு வைப்போம். தசமி காலை வரை யாரும் அவற்றை எடுக்கக் கூடாது. படிக்கக் கூடாது, எழுதவும் கூடாது. பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த நாட்கள் கிடையாது.

தொழில் செய்கிறவர்கள் தங்கள் கருவிகளையும் வைப்பார்கள். ஜெயன் வயரிங் வேலை செய்கிறவன். அவனுடைய டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கும்.

பூஜைக்கு வைத்த ஒன்றை இடையில் எடுத்த பேச்சு எங்கள் வீட்டில் இல்லை. ஒரு வருடம் நவமி அன்று ஃபியூஸ் போயிற்று. ஜெயன் டெஸ்டரைத் தொடவில்லை. தசமி காலை வரை மெழுகுவர்த்திதான். அதனால்தான் அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளின் புத்தகங்களை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள். சரோஜமும் தன் மகனுடைய புத்தகங்களை அதற்காகத்தான் கொண்டுவந்தாள்.

அன்று மதியத்துக்குப் பிறகு பிரசீதா பூஜை அறையில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். மழை தொடங்கிவிட்டால் வெளியே இருக்கும் பூச்சிகள் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். மரவட்டை வாசலில் சுருண்டு கிடக்கும். சிள்வண்டு குளியலறையில் கத்தும். ஈசல் டியூப் லைட்டைச் சுற்றிவிட்டுச் சிறகை உதிர்த்துப் போடும். கரப்பானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அலமாரியைச் சற்று நகர்த்தியதும் சுவரில் ஓர் எட்டுக்காலி தெரிந்தது. சிலந்தியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உள்ளங்கை அளவு இருந்தது. வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, வட்டமாக, சட்டைப் பொத்தான் போல ஒன்றைக் கட்டிப் பிடித்திருந்தது.

பிரசீதா துடைப்பத்தை ஓங்கினாள்.

"அடிக்காண்டாம் அம்மா," என்றாள் ஜிஷா. "அது முட்டைப்பை ஆக்கும். அத விட்டுட்டு ஓடாம நிக்குது பாருங்க."

"முட்டையா? அப்போ மொத்தமாட்டு போவட்டு. எட்டுகாலி மூத்திரம் ஒழிச்சா தோலு பொள்ளிப் போவும், தெரியுமா?"

"இதுவரைக்கும் ஆருக்குப் பொள்ளியிருக்கு?"

பிரசீதா யோசித்தாள். "எனக்குத் தெரிஞ்சு ஆருக்கும் இல்ல. ஆனாலும் பொள்ளும்."

அவள் யோசித்து முடிப்பதற்குள் ஜிஷா ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து எட்டுக்காலியின் மேல் கவிழ்த்தாள். பழைய காலண்டர் அட்டையை அடியில் மெல்லச் செருகினாள். பிறகு டப்பாவைத் திருப்பி மூடியை அழுத்தி மூடினாள்.

"விறகுப்புரையில கொண்டு விட்டுட்டு வாறேன்," என்று கிளம்பினாள்.

அந்த நேரம் பார்த்து இடியோடு மழை கொட்டியது. முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. டப்பாவை வெளியே வைத்தால் அகிலேஷ் ஆட்டிப் பார்ப்பான். ஆகவே அதைத் தன் பள்ளிப் பைக்குள் நிமிர்த்தி வைத்து ஜிப்பை மூடினாள். மழை விட்டதும் கொண்டுபோகலாம் என்று நினைத்தாள்.

மழை விடுவதற்குள் பிரசீதா அவளைக் குளிக்க அனுப்பினாள்.

ஜிஷா குளித்துவிட்டு வந்தபோது பூஜை அறையில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. நான் பூவைப் போட்டுக் கும்பிட்டும் முடித்துவிட்டேன். ஜெயனும் சரோஜமும் பின்னால் நின்றார்கள்.

"எலே அகிலேஷ், எனக்க பேக் எங்க?"

"பூஜைக்கு வச்சாச்சு," என்றான் அகிலேஷ் பெருமையாக. "எனக்குள்ளதும் உனக்குள்ளதும் நான்தான் தூக்கிட்டு வந்தேன். ஒரு புக்குகூட வெளிய இல்ல. இனி பெரியப்பாவால படிக்கச் சொல்ல முடியாதுல்லா?"

ஜிஷா பூஜை அறையைப் பார்த்தாள். புத்தக அடுக்குக்குப் பக்கத்தில், சுவரோரமாக, அவளுடைய நீலப் பை இருந்தது. அதன் மேல் ஒரு செம்பருத்திப் பூவும் இருந்தது. அதைப் போட்டவன் நான்தான்.

"பெரியப்பா, அந்தப் பேக்குக்குள்ள எட்டுகாலி உண்டு," என்றாள்.

எல்லோரும் ஒரு அடி பின்னால் போனோம். நானும்தான்.

"டப்பாவுல ஓட்டை போடல்ல. கொஞ்ச நேரத்துக்குன்னுதான் வச்சேன். தசமி வரைக்கும் இருந்தா மூச்சு முட்டிச் செத்துப் போவும். முட்டையும் போவும்."

"பூஜைக்கு வச்சத எடுக்கப்பிடாது மக்கா," என்றேன். "உங்க அப்பன் இருட்டுல இருந்தப்பக்கூட டெஸ்டர எடுக்கல்ல."

"அது செரிதான்," என்றான் ஜெயன். அவனுக்கு அந்த மெழுகுவர்த்தி இரவு இன்னும் மறக்கவில்லை.

சரோஜமும் தலையை ஆட்டினாள். "உள்ளதுதான். இந்த வீட்டுல அப்பிடி ஒரு வழக்கம் உண்டும்னுதான் நாங்க இங்க கொண்டுவந்து வைக்கோம்."

நான் பூஜை அறைக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஜிஷா பூஜை அறை நிலைப்படியில் உட்கார்ந்தாள். பைக்குள் இருந்து லேசாக ஒரு சுரண்டல் சத்தம் வந்தது. பிறகு நின்றது. அவள் முகம் வாடிப்போனது.

அகிலேஷ் அவள் காதோரம் போனான். ரகசியம் பேச அவனுக்குத் தெரியாது. அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

"பெரியப்பா சாயா குடிக்க அடுக்களைக்குப் போவாவல்லா, அப்போ எடுத்துரு. ஆருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே," என்றாள் ஜிஷா. "பொறவு ஆராவது கேட்டா கள்ளம் சொல்லணும். போலே."

சிறிது நேரம் அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குக்குப் பக்கத்தில் அவல் வைத்த பாத்திரம் இருந்தது. பிறகு எழுந்து என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, அந்த அவல் பாத்திரமும் பூஜைக்கு வச்சதுதானே?"

"ஆமா."

"நீங்க அதுக்க மூடியத் தொறந்தியதானே?"

"தொறக்காம சாமிக்கு எப்படிக் காட்ட?"

"பாத்திரத்த எடுக்கல்ல. மூடிய மட்டும் தொறந்திய. அப்போ எடுக்கியதுதான் தப்பு. தொறக்கியது தப்பில்ல. அப்படித்தானே?"

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"எனக்க பேக்க நான் எடுக்கல்ல. அது இருக்க இடத்துலயே இருக்கட்டு. புக்கத் தொடமாட்டேன். ஜிப்பையும் டப்பா மூடியையும் மட்டும் தொறந்து வைக்கேன். எட்டுகாலி தானாட்டு வரட்டு."

ஜெயன் சரோஜத்தைப் பார்த்தான். சரோஜம் பிரசீதாவைப் பார்த்தாள். பிரசீதா என்னைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டு வழக்கம் எடுக்கக் கூடாது என்பதுதான். திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இதை இரண்டு முறை யோசித்த பிறகுதான் சொன்னேன்.

"பை அரை இஞ்சுகூட நகரப்பிடாது."

"நகராது."

ஜிஷா கையைக் கழுவிவிட்டு வந்தாள். செம்பருத்திப் பூ விழாமல் ஜிப்பை மெல்ல இழுத்தாள். உள்ளே கையை விட்டு, டப்பாவைத் தூக்காமல், மூடியை மட்டும் கழற்றினாள். நீளமான ஒரு தென்னை ஈர்க்குச்சியை டப்பாவுக்குள் ஒரு முனையும் பைக்கு வெளியே ஒரு முனையுமாகச் சாய்த்து வைத்தாள்.

"இது எதுக்கு?" என்று கேட்டான் அகிலேஷ்.

"ஏணி."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒன்றும் வரவில்லை.

"இத்தன பேரு நிண்ணா அது எப்படி வரும்?" என்றாள் ஜிஷா. "எல்லாரும் அடுக்களைக்கு வாங்க."

போனோம். பிரசீதா சாயா போட்டாள். சரோஜம், "உயிரோட இருக்குமா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

திரும்பி வந்தபோது ஈர்க்குச்சி காலியாக இருந்தது. டப்பாவும் காலியாக இருந்தது. எட்டுக்காலி சரஸ்வதி படத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பொத்தான் பத்திரமாக அதன் வயிற்றுக்கு அடியில் இருந்தது.

ஜிஷா நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

பிரசீதாவின் கை தன்னை அறியாமல் மூலையில் இருந்த துடைப்பத்துக்குப் போனது.

"அம்மா, விளக்கு எரியுது," என்றாள் ஜிஷா. "பூஜைக்கு வச்ச அறையில தூத்துப் பெருக்கப்பிடாதுல்லா?"

பிரசீதா துடைப்பத்தை மூலையிலேயே விட்டுவிட்டாள். விளக்கு எரியும் அறையில் நாங்கள் பெருக்குவதும் கிடையாது, துடைப்பத்தை ஓங்குவதும் கிடையாது.

"பெரியம்மைக்க பேத்தி நல்லா வக்கீலுக்குப் படிப்பா," என்றான் ஜெயன். அவன் சொன்ன பெரியம்மை எங்கள் உறவில் வாயாடி என்று பேர் வாங்கியவள். ஜிஷா அவளுக்குப் பேத்தி முறை. நான் அதைக் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

நவமி முழுவதும் எட்டுக்காலி அந்த அறையில்தான் இருந்தது. விளக்கில் எண்ணெய் விடப் போகும்போதெல்லாம் பிரசீதா முதலில் சுவரைப் பார்ப்பாள். "அங்கதான் இருக்கு," என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்வாள். அகிலேஷ் அதற்குப் பெயர் வைக்கப் பார்த்தான். ஜிஷா சம்மதிக்கவில்லை. ஒரு நாள் தங்க வந்ததற்குப் பெயர் எதற்கு என்றாள்.

தசமி காலை கும்பிட்டு முடிந்ததும் பிள்ளைகள் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதினார்கள். பிறகு புத்தகங்களை எடுத்தோம். சரோஜம் தன் மகனுடைய புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"போன வருசம் மலையாளப் பாடப் புத்தகத்துக்க அட்டைய கரப்பான் தின்னு போட்டு. இந்தத் தடவ ஒரு மூலைகூட போவல்ல."

"எட்டுகாலிக்குக் கரப்பான்தானே சோறு," என்றாள் ஜிஷா. அதைச் சொல்லிக்கொண்டே டப்பாவைக் கவிழ்த்து, அட்டையைச் செருகி, எட்டுக்காலியைப் பிடித்துவிட்டாள். அன்று மழை இல்லை. நேராக விறகுப்புரைக்குப் போனாள். பிரசீதா பின்னாலேயே போய், "அந்தா, அந்தப் பலாக்கட்டைக்கு இடையில விடு. அங்க நனையாது," என்று இடம் காட்டினாள்.

நடந்தது இவ்வளவுதான்.

ஆனால் சரோஜம் ஊரில் உள்ளபடி சொன்னதை நாலு பேர் நாலு விதமாக நீட்டிவிட்டார்கள். போன வாரம் பாறசாலை சந்தையில் ஊர்க்காரர் கனகதாஸ் என்னை நிறுத்தி, "அண்ணே, உங்க வீட்டுல எட்டுகாலியப் பூஜைக்கு வச்சுக் கும்பிட்டியளாமே? பையையும் இடையில வெளிய எடுத்தியளாமே?" என்று கேட்டார்.

இரண்டும் பொய். பையை யாரும் எடுக்கவில்லை. தசமி காலை வரை அது அரை இஞ்சுகூட நகரவில்லை. எட்டுக்காலியை யாரும் கும்பிடவும் இல்லை. மூடியைத் திறந்தாள் ஜிஷா. அது தானாக நடந்து வந்தது.