புருவம் இல்லாத கட்டம்

இந்தப் பூமியில் ஒரு மனிதனால் முழுமையாக அறியப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். அது பெய்ஜிங்குக்கு வடமேற்கே இருக்கும் தொலைமணித் தோட்டம், பழைய சக்கரவர்த்திகளின் பூங்கா. அந்த மனிதர் குவான் யென்திங். ஆராய்ச்சியாளர்கள் யாரும் இதை மறுத்ததில்லை. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

தோட்டத்தின் மூத்த வழிகாட்டியான குவான் இருபத்திரண்டு வருடமாக, நாளுக்கு நான்கு முறை, இதை அறிவித்துவந்தார். கூரை முனைகளில் வரிசையாகக் குந்தியிருக்கும் சுட்டமண் மிருகங்கள் எத்தனை, அவற்றில் வால் உடைந்தவை எத்தனை, நெளிபாலத்தின் எந்தத் திருப்பத்தில் நின்றால் எதிர்க்குன்றின் கோபுரம் ஏரிக்குள் முழுசாகத் தலைகீழாக நிற்கும், எல்லாம் நாக்கு நுனியில். அவருடைய முப்பாட்டன், சக்கரவர்த்தியின் காவல்படையில் இருந்தவராம். அதனால் தோட்டம் பூர்வீகச் சொத்து என்பதுபோல் நடப்பார். சம்பளத்தை மட்டும் அரசாங்கத்திடம் வாங்கிக்கொள்வார்.

அவருக்குப் பிடிக்காத ஒரே ஜீவன் பார்வையாளர். மண்டபங்களுக்குள் யாரையும் விடுவதில்லை. ஜன்னலின் நடுவே ஒரு கண்ணாடி, சுற்றியிருக்கும் மரக்கட்டங்களில் எல்லாம் வெள்ளைக் காகிதம். வருகிறவர்கள் கைகளைக் கன்னத்தில் குவித்து, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"உள்ள இருட்டு," என்பார் குவான். "ராஜா போன நாள்லேர்ந்து இருட்டு. நெத்தியை ஒட்டினா விடிஞ்சிடுமா? தோட்டத்தைப் பாக்க வந்துட்டு இருட்டைப் பாத்துட்டுப் போறீங்க."

இந்தப் பெருமையெல்லாம் செல்லாத இடம் ஒன்று உண்டு. வடக்கு மதிலோரம் இரவுக் காவலாளி நிங்கின் குடிசை. நிங் வடகிழக்குக் கோடியில், ரஷ்ய எல்லைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பத்தொன்பது குளிர்காலமாக மதியச் சாப்பாடு இருவருக்கும் அங்கேதான், நிங் ஜாடியில் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் பன்றிக்கறியும். போன இலையுதிர்காலத்தில் மண்டபங்களுக்குப் புதுக்காகிதம் ஒட்டியபோது நிங் வேடிக்கை பார்த்துவிட்டு, இந்த ஊர்க்காரர்களுக்குக் காகிதத்தை எந்தப் பக்கம் ஒட்டுவது என்றுகூடத் தெரியவில்லை, எங்கள் ஊரில் சட்டத்துக்கு வெளிப்பக்கம்தான் ஒட்டுவோம் என்று சிரித்தார். குவான் அதற்கு ஒரு மணிநேரம் பதில் சொன்னார். நிங் தூங்கிவிட்டார்.

வரும் சீனப் புத்தாண்டிலிருந்து தோட்டத்தில் ஆறு கேமராக்கள் வருவதாக ஏற்பாடு. இரவுக் காவலுக்கு ஆள் தேவையில்லை. நிங் ஊருக்குத் திரும்பவேண்டும். இதைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

1997 ஜனவரி 11. காலை 7.50.

இரவு பெய்த பனிக்கட்டி மழை விடிவதற்குள் நின்றிருந்தது. ஏரி சாம்பலாக உறைந்து கிடந்தது. காய்ந்த தாமரைத் தண்டுகள் ஒடிந்த வாக்கில் அதில் மாட்டிக்கொண்டு நின்றன. துப்புரவாளர் ஹௌ ஷூஃபென், அலுவலகப் பெட்டகத்திலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, அலுவலர் தாவுடன் ‘மழை கேட்கும் மண்டபம்’ என்ற மண்டபத்துக்கு வந்தார். இரு கதவுகளுக்கும் குறுக்கே முந்தின மாலை ஒட்டிய காகித முத்திரை. அதில் இருவர் கையெழுத்து, நேரம் 4.30. கிழியவில்லை, சுருங்கவில்லை. தாவ் சரிபார்த்துத் தலையாட்டினார். ஹௌ முத்திரையைக் கிழித்துப் பூட்டைத் திறந்தார்.

7.53. பின்ஜன்னலோர மேஜையில் காட்சிக்கு இருந்த, சக்கரவர்த்தி காலத்து ஜேட் கல் கோப்பை இல்லை. அதன் பட்டுமெத்தை மட்டும் இருந்தது, நடுவில் வட்டமாக ஒரு பள்ளத்தோடு.

9.20. இன்ஸ்பெக்டர் லுவான் இரண்டு கான்ஸ்டபிள்களோடும் கடுமையான ஜலதோஷத்தோடும் வந்து சேர்ந்தார். சுருக்கமாகப் பேசும் பெண்மணி. தும்மலுக்கு நடுவே கிடைத்த இடத்தில் கேள்வி கேட்டார்.

"நேத்து சாயங்காலம் கடைசியா உள்ள போனது யாரு?"

"நான்தாம்மா. தூசு தட்ட," என்றார் ஹௌ.

"தனியாவா?"

"தாவ் தம்பி வாசல்ல நின்னாரு."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்."

"கோப்பை இருந்துச்சா?"

"இருந்துச்சு. தொடைச்சு வெச்சேன்."

"நீங்க தொடைச்சதை யாரு பாத்தா?"

ஹௌ கையிலிருந்த துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

மற்றவர்களுடைய வாக்குமூலங்கள் நீளமில்லை. தாவ் 5.10 பேருந்தில் நகரத்துக்குப் போய், மைத்துனியின் கல்யாண விருந்தில் விடியும்வரை குடித்ததற்கு நாற்பது சாட்சிகள் இருந்தார்கள். நிங் இரவு நான்கு சுற்று வந்ததாகவும் முத்திரை நான்கு முறையும் சரியாக இருந்ததாகவும் சொன்னார். இரவில் மதிலுக்குள் தங்குவது அவரும், பின்வரிசை ஊழியர் அறையில் இருக்கும் ஹௌவும்தான். கான்ஸ்டபிள்கள் இரண்டு அறைகளையும் சோதித்தார்கள். நிங்கின் குடிசையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மூக்கைப் பொத்திக்கொண்டு மூடவேண்டியிருந்த ஒரு முட்டைக்கோஸ் ஜாடி. அவ்வளவுதான்.

முத்திரை அப்படியே இருக்கிறது. எல்லா ஜன்னலும் உள்ளே தாழிட்டிருக்கிறது. கதவைத் தவிர வழியில்லை. ஆகவே கோப்பை நேற்று மாலையே ஹௌவின் கோட்டுக்குள் வெளியேறிவிட்டது. லுவான் இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பன்னிரண்டு மணிக்கு ஹௌவோடு போலீஸ் வேன் கிளம்பும். ஹௌவுக்கு ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. வேனில் ஏறிவிட்டால் ஓய்வூதியம் இல்லை, அந்தப் பின்வரிசை அறையும் இல்லை. அவர் பஞ்சுக் கோட்டை எடுத்துவரப் போனார்.

இதுவரை குவான் தூணோரம் சும்மாதான் நின்றிருந்தார். ஹௌ அக்கா திருடமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவரை உசுப்பியது அதுவல்ல. அவருடைய மண்டபத்துக்கு எத்தனை வழி என்று ஒரு வெளியாள் தீர்ப்புச் சொன்னதுதான். விறுவிறுவென்று மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு ஏரிப் பக்கம் போனார்.

10.40. பின்ஜன்னல்.

மரச்சட்டங்களில் பனி உறைந்திருந்தது. ஒவ்வொரு கட்டத்தின் கீழ்ச்சட்டத்திலும் வெள்ளையாக ஒரு கோடு, புருவம்போல. அறுபது கட்டம். ஐம்பத்தொன்பது புருவம்.

குவான் கத்தவில்லை. போய் இன்ஸ்பெக்டரின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

"இங்க காகிதம் உள்பக்கம் ஒட்டுறது மேடம். அதனால வெளிய சட்டத்து மேல பனி உக்காரும். இந்த ஒரு கட்டத்துல மட்டும் பனி உக்கார இடமே இல்ல. ஏன்னா சட்டத்தையே மூடி வெளிப்பக்கமா காகிதம் ஒட்டியிருக்கு. இதுக்கு நேர் பின்னாடிதான் தாழ்ப்பாள்."

லுவான் விரலால் தொட்டுப் பார்த்தார். கட்டத்தைக் கிழித்து, கையை உள்ளே விட்டுத் தாழை நீக்கி, ஜன்னலைத் திறந்து கோப்பையை எடுத்துக்கொண்டு, மறுபடி தாழிட்டு, வெளியே நின்றபடியே ஒட்டியிருக்கிறார்கள். உள்ளேபோய் ஒட்ட வழியில்லை. குவான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். குவானுக்கு அன்றைய நாள் பிரகாசமாகிவிட்டது. சுமார் மூன்று நிமிடம்.

"ஒட்டப் பசை வேணும். காகிதம் வேணும்," என்றார் லுவான். "தோட்டத்துல தினமும் பசை கரைக்கிறது யாரு?"

குவான் துடைப்ப அறைப் பக்கம் திரும்பினார்.

முத்திரை ஒட்டுவதற்குத் தினமும் பசை கரைப்பவர் ஹௌ. துடைப்ப அறையில் பசைக் கிண்ணம் இருந்தது. அதன் பக்கத்தில் இலையுதிர்காலத்தில் மிஞ்சிய அதே காகிதம், ஒரு சுருள். அந்த அறைக்குப் பூட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று குவான் சொல்லிப்பார்த்தார். நுழைந்தவர் பெயர் என்ன என்று லுவான் கேட்டார்.

"சாயங்காலம் கோட்டுக்குள்ள கொண்டுபோயிருந்தா உடனே மாட்டியிருப்பாங்க. அதான் ராத்திரி, ஜன்னல். வழி எதுன்னுதான் தெரியாம இருந்துச்சு, அதையும் நீங்களே கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்க. ரொம்ப நன்றி சார்."

எல்லாம் தெரிந்தவர்கள் செய்யும் உதவி இப்படித்தான் இருக்கும்.

11.35. குவான் மண்டபத்துக்குள் தனியாக நின்றார். வாசலில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் இரண்டு நிமிடம் கொடுத்திருந்தான். உத்திரத்துச் சித்திரங்கள் மேலே மங்கிக் கிடந்தன. காலியான அரியணைக்கு முன்னால் தரைக்கற்கள் கறுப்பாகக் குளிர்ந்தன. இருபத்திரண்டு வருடமாக அவர் அறிந்த அதே இருட்டு.

ஆனால் பட்டுமெத்தை மட்டும் தெரிந்தது. அதன் பள்ளம், ஓரத்துத் தையல், ஒரு நூல் பிரிந்திருந்ததுகூட. ஒட்டுப்போட்ட கட்டத்திலிருந்து மஞ்சளாக ஒரு வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. மற்ற ஐம்பத்தொன்பதும் அதே சுருள், அதே காகிதம். இது மட்டும் ஏன் இவ்வளவு வெளிச்சம் விடுகிறது?

கிட்டே போய் முகர்ந்தார். கான்ஸ்டபிள் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

வெளியே கிழக்கு வாசலில் வேன் நின்றது. ஹௌ பின்னிருக்கையில் ஒரு துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் பட்ட கைத்தடத்தை, பழக்கதோஷத்தில், முழங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். நிங் மண்வெட்டியால் பாதைப் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரே இடத்தையே சுரண்டினார்.

11.52.

"மேடம், அந்தக் காகிதத்தை மோந்து பாத்தீங்களா?" என்றார் குவான்.

"நாலு நாளா எனக்கு மூக்கே இல்ல."

"சோயா எண்ணெய். ஒட்டினப்புறம் மேல ஒரு கை தடவியிருக்கு. அதான் வெளிச்சம் விடுது."

"அதனால?"

"ஹௌ அக்கா இந்த ஊரு. இங்க காகிதம் உள்பக்கம், மழையே படாது. அதுக்கு எண்ணெய் தடவணும்னு எங்க யாருக்கும் தோணாது. எனக்கே தெரியாது."

கடைசி இரண்டு சொற்களை அவர் இதற்குமுன் சொன்னதாகப் பதிவு இல்லை.

"அப்ப யாருக்குத் தோணும்?"

குவான் வேனைப் பார்த்தார். ஹௌவின் மூட்டையைப் பார்த்தார். பார்க்காமல் விட்ட பக்கத்தில் மண்வெட்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"காகிதத்தை வெளிப்பக்கம் ஒட்டுற ஊர்க்காரங்களுக்கு," என்றார். "பனியும் மழையும் நேரா மேல படுமில்ல. எண்ணெய் தடவலன்னா ஒரு ராத்திரி தாங்காது. சின்ன வயசுலேர்ந்து தடவின கை." குரல் இறங்கிவிட்டது. "நிங் அண்ணே. நீங்களே சொல்லிடுங்க."

நிங் மண்வெட்டியை மதிலில் சாய்த்துவைத்தார். விழாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார். கோப்பை முட்டைக்கோஸ் ஜாடியில், அதை அழுத்திவைத்த கல்லுக்கு அடியில், துணி சுற்றி இருக்கிறது என்றார். விற்க எடுக்கவில்லை. காலையில் திருட்டு தெரிந்து கூச்சல் கிளம்பியதும், பாலத்தடியில் தானே கண்டெடுத்துக் கொடுப்பதாகத் திட்டம். ராத்திரி ஒரு மனுஷன் வேண்டும் என்று அப்போதாவது மேலிடத்துக்குப் புரியும் என்று நினைத்திருக்கிறார். கூச்சலே கிளம்பவில்லை. தாவ் நேரே போனை எடுத்துவிட்டார். பிறகு எங்கே திரும்பினாலும் போலீஸ்.

"இந்தம்மா வண்டில ஏறினப்பவாவது சொல்லியிருக்கலாமே," என்றார் லுவான்.

"சொல்லத்தான் பனியைத் தள்ளிட்டே வந்தேன். வந்து சேரல."

ஹௌ வேனிலிருந்து இறங்கினார். நிங் ஏறினார். படியில் ஒரு கால் வைத்துத் திரும்பி, லுவானைவிட்டுக் குவானிடம் பேசினார்.

"ஐஸ் மழை பெஞ்சுது தம்பி. வெறுமனே விட்டா விடியறதுக்குள்ள நனைஞ்சு தொங்கிடும். அரைகுறையா விட்டுட்டு வர மனசு வரல."

குவானுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அது அன்றைக்கு அவருக்குத் தெரியாமல்போன இரண்டாவது விஷயம்.

மறுநாள் மேலிடம் விரைந்து செயல்பட்டது. ஒரு காவலாளி இருந்தும் கோப்பை போயிருப்பதால், ஆறு கேமராக்கள் போதாது, எட்டு வேண்டும் என்று உத்தரவு வந்தது. நிங்கின் குடிசை சாட்சியப் பொருளாகிவிட்டதால் பூட்டி முத்திரை வைக்கச் சொன்னார்கள். ஹௌ பசை தடவி ஒட்டினார். சட்டப்படி இரண்டு கையெழுத்து. தாவ் விடுப்பில் இருந்தார். இரண்டாவது கையெழுத்தைக் குவான் போட்டார்.

அதற்கடுத்த நாள், பிற்பகல் 2.15. ஹேநான் பக்கத்துச் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர்கள் முப்பது பேர் குவானுக்குப் பின்னால் மதிலோரமாக நடந்துவந்தார்கள். வழக்கத்தைவிடக் குறைவாகவே அவர் பேசியிருந்தார். கூரை மிருகங்களின் எண்ணிக்கையைக்கூடச் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. வானம் மறுபடி மழைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

குடிசைக்கு எதிரே வந்ததும் குவான் நின்றார். கையில் பிடித்திருந்த வழிகாட்டிக் கொடியை அதன் மூங்கிலோடு கக்கத்தில் இடுக்கினார். இரண்டு கைகளையும் கன்னத்தில் குவித்து, ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டினார்.

முப்பது பேரும் நின்றார்கள். முக்கியமான ஏதோ இருக்கிறது என்று எண்ணி, அவருக்குப் பின்னால் ஒழுங்காக வரிசை கட்டினார்கள். முதலில் நின்ற பெண் கையுறையைக் கழற்றித் தயாரானாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, உள்ளே என்ன தெரிகிறது என்று மெல்லக் கேட்டாள்.

குவான் நெற்றியை எடுக்கவில்லை.