நாற்பது லட்சம் புள்ளிகள் கொண்ட வீடு

மெமரி போதவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னதில் பூதக்கண்ணாடி சாருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஊர் வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த மென்பொருள் அடம்பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அன்று காலையில்தான் மெமரியை இரண்டு மடங்காக்கியிருந்தார்கள். அப்படியும் பாதி வீடுகள் வரைந்து முடிப்பதற்குள் திரை வெளுத்து, பெட்டிக்குள் விசிறி இரைந்து, சூடேறிய தூசியின் வாடை அறை முழுக்கப் பரவியது.

வரைபடத்தில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். இன்று எந்தப் பிசகும் வேண்டாம், சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. நான்கு வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மதியம்தான் கொஞ்சம் விட்டிருந்தது. தவமிருந்து பெற்ற ஒற்றைப் பிள்ளை.

"ஏதோ ஒரே ஒரு வீடுதான் சார் மெமரி முழுக்கக் குடிக்குது," என்றாள் போனில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண். "பாதி பாதியா அணைச்சுப் பாருங்க, மாட்டிக்கும்."

"நாப்பதாயிரம் வீடும்மா!"

"பாதி பாதின்னா பதினாறு தடவைதான் சார். கிடைச்சதும், சின்னச் சின்ன வளைவையெல்லாம் எடுத்துட்டு கோட்டை எளிமையாக்குற கட்டளையைப் போடுங்க. சரியாயிடும்."

பாதியை அணைத்தார். மீதியில் பாதியை அணைத்தார். பதினாறாவது தடவை திரையில் ஒற்றை வீடு நின்றது. சாதாரணமாக ஒரு வீட்டின் கோட்டை வரைய எட்டு, பத்துப் புள்ளிகள் போதும். இதற்கு நாற்பது லட்சம். தெருவைப் பார்த்தார். முனையிலிருந்து மூன்றாவது. நல்ல கூத்து, நம்ம வீடேதானா என்று வாய்விட்டுச் சிரித்தார்.

மென்பொருளை மறுபடி எண்ணச் சொன்னார். நாற்பத்தொரு லட்சம். அவர் எதையும் தொடவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தார். வெளிச்சுவரோடு நிற்க வேண்டிய கோடு வாசல் வழியாக உள்ளே நுழைந்து, கழற்றிப் போட்ட செருப்புகளைச் சுற்றி, சாப்பாட்டு மேசையின் நான்கு கால்களையும் சுற்றி, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கையறைக்குப் போயிருந்தது. அங்கே கட்டில். கட்டிலில், முழங்காலை மடக்கி ஒருக்களித்த சின்ன உருவம். ஐந்து விரல்கள். மகள் இப்படித்தான் தூங்குவாள்.

அவள் முதுகோடு ஒட்டி இன்னொன்று படுத்திருந்தது.

நீளமாக. கட்டிலைத் தாண்டி, தரையைத் தாண்டி, கால்கள் அறை வாசல்வரை கிடந்தன. மனைவிக்குப் போன் போட்டார்.

"பாப்பா என்ன பண்றா?"

"தூங்குறா. நான் சமையல்கட்டுல இருக்கேன்."

"பக்கத்துல யாரு?"

"யாரு இருப்பா? நீங்க ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க?"

திரை புதுப்பித்துக்கொண்டது. நீளமானதன் கை இப்போது குழந்தையின் மேல். ஐம்பது லட்சம். விரல்கள் கழுத்தருகே. அறுபது.

"பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய போ! கேள்வி கேக்காதே, போ!"

அழிக்கத் துடித்தார். முடியாது. இரண்டும் ஒரே கோடு. நடுவில் எங்கேயும் அறுபடவில்லை. ஒன்றை அழித்தால் இரண்டும் போகும். அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. எளிமையாக்கு. அழுத்தினார்.

புள்ளிகள் சரிந்தன. அறுபது லட்சம். பத்து லட்சம். ஆயிரம்.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் மறந்துவிட்டாரே, பாவி. அந்தக் கட்டளை எடுப்பது சின்னதை. பெரியதை அது விட்டுவிடும்.

ஐந்து விரல்கள் போயின. மடக்கிய முழங்கால். தலை.

கட்டிலில் நீளமானது மட்டும் கிடந்தது. பிறகு அதுவும் கட்டிலில் இல்லை.

போனில் கதவு திறக்கும் சத்தம்.

"பாப்பா எழுந்துட்டா," என்றாள் மனைவி. "ஜன்னலைப் பார்த்துட்டு நிக்குறா. என்னங்க... இவ தலை ஏன் கூரையில இடிக்குது?"