பதினோராம் தொட்டியின் பதில்

பதினோராம் தொட்டி பதில் சொல்லவும் இல்லை, சொல்லாமல் விடவும் இல்லை. அதுதான் கனகரத்தினத்துக்கு விளங்காமல் இருந்தது.

புதன்கிழமை மின்சாரம் போய் வந்ததிலிருந்து கணனி எழும்ப மறுத்தது. துறைமுகத்தின் உள்வாங்கிய குடாவோரம் இருந்த அந்த எண்ணெய்க் களஞ்சியத்தில் பதினாறு தொட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அளவுப்பெட்டி. கணனியை ஏற்றியதும், 'டிரைவர்' என்று கம்பெனிக்காரர் சொல்லும் சிறிய புரோகிராம் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, எவ்வளவு எண்ணெய் நிற்கிறது என்று கேட்கும். பத்தாவது வரைக்கும் அச்சு மெஷின் கடகடவென்று எண்களை அடித்துவிடும். பிறகு '11' என்று அடித்து நின்றுவிடும். மெஷினின் விசிறி மட்டும் ஊதிக்கொண்டிருக்கும், யாரோ வாயைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருப்பதுபோல.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறை. எண்பத்தொன்றாம் ஆண்டு. களஞ்சியத்தில் கணனியைக் கவனிக்கும் கனகரத்தினத்தையும் காவல்காரர் சரீபையும் தவிர ஒருவரும் இல்லை. வெளியே கச்சான் காற்று புழுதியை வாரிக் கண்ணாடியில் அடித்தது. வெயிலில் காய்ந்த தொட்டிகளின் இரும்புத் தகடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக 'டங்' என்று நெளிந்தன. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம். ஊருக்குள், ஓர்ஸ் ஹில்லில் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் அந்தச் சத்தம்கூட இல்லை. மனைவியும் மகளும் மட்டக்களப்புக்குப் போய் இரண்டு வருடம். ஒரு நாளில் அவர் பேசும் பேச்சில் பாதி இந்த மெஷினோடுதான்.

பன்னிரண்டு மணிக்குச் சரீப் கதவடியில் வந்து நின்றார். நோன்பில் உதடு காய்ந்திருந்தது.

"சேர், நான் ஜும்மாவுக்குப் போயிட்டு வாறன். தனிய இருப்பீங்களோ?"

"ஓம், போயிட்டு வாங்கோ."

சரீபின் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்ததும் அவர் மறுபடி குனிந்தார். பெட்டி அனுப்புவது எதையும் மறைக்காமல் அப்படியே அச்சடிக்கும்படி புரோகிராமில் நாலு வரி சேர்த்தார். மெஷினை அணைத்தார். ஏற்றினார். பத்து எண்கள் வந்தன. பிறகு பதினொன்று. அதற்குப் பின்னால், தாள் நிறைய, ஒரே குறி திரும்பத் திரும்ப.

பெட்டிகளுக்குத் தெரிந்த பேச்சு கொஞ்சம்தான். எண்ணைச் சொல்லும். பழுதென்றால் பேசாமல் இருக்கும். தொட்டிக்குள் மிதவை ஆடிக்கொண்டிருந்தால், அது அடங்கும் வரைக்கும் 'பொறு' என்று ஒரு குறி அனுப்பும். டிரைவரும் பொறுத்திருக்கும்.

பதினோராம் தொட்டி மூன்று நாளாகப் 'பொறு' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் தாளைக் கிழித்தெடுத்துப் பார்த்தார். அந்தத் தொட்டியில் எண்ணெய் இல்லை. பங்குனியில் கழுவித் துடைத்து மூடிய வெறும் தொட்டி. மிதவை தரையில் கிடக்கவேண்டும், எண் பூச்சியம் என்று வரவேண்டும். குறிகளுக்கு நடுவே எண்கள் கிடந்தன. ஐந்தடி நாலு அங்குலம். ஐந்தடி மூன்று. ஐந்தடி நாலு. நாலடி பத்து. பிறகு சட்டென்று, கை சோர்ந்தவன் உன்னித் தூக்கியதுபோல, மறுபடி ஐந்தடி நாலு.

பெட்டிக்குள் ஈரம் போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். வெயில் தலையில் இறங்கியது. மசகெண்ணெயும் காய்ந்த கடற்பாசியும் கலந்த வாடை. பதினோராம் தொட்டி கடைசி வரிசையில், பற்றைக் காட்டை ஒட்டி நின்றது. பெட்டியைத் திறந்தார். உள்ளே எலும்புபோல் காய்ந்திருந்தது. மிதவையிலிருந்து கூரை வழியாக வந்து இறங்கும் உருக்கு நாடா, சிறிய கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது.

நாடா அசைந்தது.

ஓர் அங்குலம் ஏறியது. நின்றது. இறங்கியது.

கம்பியில் பழுது என்றால் எண் பிழையாக வரும். நாடா அசையாது. நாடா அசைவதென்றால், அதன் மறுநுனியில் இருக்கும் மிதவையை யாரோ தலையளவுக்குத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

தம்பு.

அந்தப் பெயரை அவர் இத்தனை மாதம் நினைக்காமல் இருந்தார். கழுவ வந்த கூலியாட்களில் ஒருவன், கட்டையான ஆள். தொட்டியை மூடிய நாளுக்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. வெருகலுக்கு, தமக்கை வீட்டுக்குப் போயிருப்பான் என்று கூலியாட்களைக் கொண்டுவந்த கொந்தராத்துக்காரன் சொன்னான். அன்றைக்கு அளவைப் பூச்சியத்தில் நிறுத்தும் அவசரம் அவருக்கு. உள்ளே ஆளில்லை என்று பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டியவர் அவர். நல்ல வெயில். கந்தோருக்குள், மேசையடிக் கதிரையில் இருந்தபடியே கையெழுத்து வைத்துவிட்டார்.

தகட்டில் காதை வைக்கப் போனார். வைக்கவில்லை.

திரும்பி வரும்போது கேற்றுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்திருந்தாள். அன்புவழிபுரத்துச் சீதேவி, தம்புவின் மனைவி. அடிக்கடி வந்து கேட்டுப் போகிறாள் என்று சரீப் சொல்லியிருந்தார். அவர் நேரில் கண்டது இதுதான் முதல் தடவை, ஆனாலும் யாரென்று உடனே விளங்கியது.

"ஐயா, இங்க வேலை செய்யிற ஆளோ நீங்கள்?"

"ஓம்."

"தொட்டி கழுவின என்ர மனுசன் அண்டைக்கு வெளியில வந்ததை ஆராவது கண்டவையோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. வெருகலிலயும் இல்லை. நான் போய்ப் பார்த்தனான்."

அவர் வாய் திறந்தது. வந்த சொல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"நான் கண்டனான். பஸ் நிலையப் பக்கம் போனவர்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கண்டனீங்களோ? சுகமா நடந்து போனவரோ?"

"ஓம். சுகமாத்தான்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கொழும்புக்கு டெலிபோன் எடுத்தார். மேலதிகாரியின் குரல் இரைச்சலுக்குள் வந்தது. "நாளைக்கு விடியக் கப்பல் வருது, கனகரத்தினம். பதினொன்றுதான் காலியா இருக்கு. அதுக்குள்ளதான் இறக்கவேணும். மெஷின் எழும்புமோ, எழும்பாதோ?"

தொட்டியைத் திறந்து பார்க்கவேணும் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். மூடிய நாளின் தாளை எடுப்பார்கள்.

"எழும்பும், சேர்."

ஒரே ஒரு வரிதான். 'மூன்று தரம் பொறு என்று வந்தால் அதோடு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ.' எழுதி முடிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. கணனியை ஏற்றினார். பத்து. பதினொன்று. பொறு, பொறு, பொறு. பன்னிரண்டு. பதினாறு வரைக்கும் ஓடி, 'ஆயத்தம்' என்பதற்கான மணியை அடித்தது. இனி அந்தத் தொட்டி எத்தனை தரம் சொன்னாலும் மெஷின் காது கொடுக்காது.

கப்பல் சனிக்கிழமை காலை துறையில் வந்து கட்டியது. எட்டு மணிக்குக் குழாய்கள் அதிரத் தொடங்கின. பதினோராம் தொட்டியின் கூரைக்கு ஜமால்தீன் ஏறினார். கூரைத் துளையின் மூடியைத் திறந்து, குண்டு கட்டிய நாடாவை விட்டுக் கையால் அளப்பது அவர் வேலை. கனகரத்தினம் அடியில் நின்று கண்ணாடியைப் பார்த்தார்.

"ஆறடி!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

கண்ணாடியில் பதினொரு அடி நாலு அங்குலம்.

"பத்தடி!"

பதினைந்தடி நாலு அங்குலம்.

எண்ணெய் ஏற ஏற, மிதவையைத் தூக்கிப் பிடித்திருந்த அதுவும் ஏறியது. மிதக்கவில்லை. எண்ணெயின் மேல் நின்றது.

அவர் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். தொட்டியின் உயரம் முப்பதடி. இருபத்தெட்டு வரைக்கும் நிரப்புவார்கள். கணக்கு தானாகவே மனதில் ஓடியது, நிறுத்த முடியவில்லை. இருபத்துநாலு அடி எட்டு அங்குலத்தில் தலை கூரையைத் தொடும்.

மத்தியானம் ஜமால்தீன் தள்ளாடி இறங்கி வந்தார். "தலையைச் சுத்துது, சேர். நோன்பும் வெயிலும்."

"நீங்கள் போய் நிழல்ல இருங்கோ. மிச்சத்தை நான் பார்க்கிறன்."

வேறு ஒருவரும் அந்தக் கண்ணாடியைப் பார்க்கக்கூடாது. அது மட்டும்தான் அவர் நினைத்தது.

கண்ணாடிக்குள் முப்பதடியில் நாடா நின்றது. பம்பு நிற்கவில்லை.

முதலில் ஒரு சத்தம். வெயிலில் தகடு நெளிகிற சத்தம் இல்லை. மெத்தென்று. உள்ளங்கை அடிக்கிற சத்தம். கூரைக்குக் கீழிருந்து.

தப்.

ஒரு முழம் தள்ளி, தப்.

கை தடவித் தடவித் தேடுகிறது. எதையென்று அவருக்குத் தெரிந்தது. கூரைத் துளையை. தள்ளாடி இறங்கிய ஜமால்தீன் மூடியின் திருகாணியை இறுக்கியிருக்கமாட்டார்.

அவர் படிகளில் ஓடினார். பம்பை நிறுத்தும் பிடி கீழே, அவர் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. அவர் மேலே ஓடினார். மூடியை இறுக்க. தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஏறும் படி. சூடான கைப்பிடி. காற்று. தகட்டுக்கு அப்பால் அந்தச் சத்தம் அவரோடு கூடவே வந்தது.

தப். தப்.

கூரை விளிம்பை எட்டியபோது சத்தம் நின்றுவிட்டது.

குடா நீலமாகக் கிடந்தது. கப்பல் அசையாமல் நின்றது. நாலு எட்டுத் தூரத்தில் மூடி.

மூடி எழுந்தது. பின்னால் சாய்ந்து தகட்டில் விழுந்தது.

ஒரு கை மட்டும் நுழையக்கூடிய துளை. ஒரு கை வந்தது. கறுப்பாக, எண்ணெய் வழிய, முழங்கை வரைக்கும். விரல்கள் துளையின் விளிம்பைத் தடவின. தகட்டைத் தடவின. எட்டியவரை எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்தன. பிறகு அந்தக் கை நேரே நிமிர்ந்து, உள்ளங்கையை விரித்து, யாராவது பிடிப்பார்கள் என்று நின்றது.

கீழே பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

வெயிலில், விரித்தபடி, அந்தக் கை நின்றது.