இருநூற்றுத் தொண்ணூற்றாறு மாணவர்கள்

புதன்கிழமை, காலை 9.10. ஸ்வீடனின் வடகடற்கரைப் பல்கலைக்கழகம் ஒன்றில், உலகத் தரவரிசைக்கான படிவத்தின் ஒப்புகை மின்னஞ்சலைத் துணைவேந்தர் ஹென்ரிக் லாகர்மார்க் திறந்தார். அயல்நாட்டு மாணவர் எண்ணிக்கை 1,184 என்று இருக்க வேண்டிய கட்டத்தில் 296 என்றிருந்தது. படிவத்தை இனித் திருத்த இயலாது. முதல் இருநூறு இடங்களிலிருந்து பல்கலைக்கழகம் வெளியேறுவது உறுதியாயிற்று. 9.25க்கு அவர் காவல்துறையை அழைத்தார்.

10.40. ஆய்வாளர் குன்வோர் வந்து சேர்ந்தார். படிவம் முந்தைய நாள் காலை 10.07க்குப் புள்ளிவிவர அலுவலர் தோர்ஸ்டனின் கணினியிலிருந்து சென்றிருந்தது. ஓய்வுபெற இரண்டே ஆண்டுகள் எஞ்சியிருந்த அம்மனிதரின் முகம் வெளுத்திருந்தது.

"நான் காபி எடுக்கக் கீழ போனேங்க. கணினியைப் பூட்டாம போனது மட்டும்தான் என் தப்பு."

"காபிக்கு சாட்சி உண்டா?" என்று லாகர்மார்க் இகழ்ந்தார். "மதியத்துக்குள்ள வேற ஆள் சிக்கலைன்னா உங்க வேலை போச்சு, தோர்ஸ்டன்."

அந்த மாடியின் சாவி மூவரிடம் மட்டுமே இருந்தது. லாகர்மார்க் அந்நேரம் அமைச்சகத்துடன் தொலைபேசியில் பேசியது உறுதியாயிற்று. மூன்றாமவர், எத்தியோப்பியாவில் பிறந்த அயல்நாட்டு மாணவர் நல அலுவலர் செலாம்.

"நேத்து 10.07க்கு எங்க இருந்தீங்க?"

"பத்து மணிக் கூட்டத்துல. மேன்செஸ்டர் விருந்தாளி பக்கத்துல உக்காந்திருந்தேன். அவரையே கேளுங்களேன்."

11.15. விருந்தாளி கிரெஸ்வெல் அதை ஆமோதித்தார். "பக்கத்துலதான் இருந்தாங்க. ரொம்ப மரியாதையான பொண்ணு. ஆனா உங்க ஊர் உபசாரம் அபாரம், மேடம்! பத்துக்கு டான்னு வந்து நாற்காலிங்களுக்கு வணக்கம் சொல்லிட்டிருந்தேன்."

குன்வோர் நன்றி கூறிவிட்டு மாடிக்குத் திரும்பினார்.

11.50. மூவரும் துணைவேந்தர் அறையில் கூடினர்.

"ஹென்ரிக், பத்து மணிக் கூட்டம் இங்க எத்தனை மணிக்குத் தொடங்கும்?"

"பத்தேகாலுக்கு. ஸ்வீடன்ல எல்லாப் பல்கலைக்கழகத்திலும் கால்மணி தள்ளித் தொடங்கறதுதானே வழக்கம்? அழைப்புல யாரும் எழுதமாட்டாங்க."

"செலாம், போலீஸ்காரிக்கு அந்தக் கால்மணி தெரியாதுன்னு நெனச்சீங்க. அது தப்பில்ல, பலருக்குத் தெரியாது. ஆனா பத்து மணிக்கூட்டத்துக்கு ஒருத்தர் பத்து மணிக்கே வருவார்னு உங்களுக்குத் தோணவே இல்ல. பதினஞ்சு வருஷம் இங்கேயே இருந்து பழகினவங்க செய்யற தப்பு. 10.07க்கு அந்த ஆளைச் சுத்தி வெறும் நாற்காலிதான். அனுப்பினது நீங்க."



"நானேதான்."

"நன்றி கெட்டவ!" என்று லாகர்மார்க் சீறினார்.

"நன்றியா? என் தம்பி யோனாஸுக்கு இங்க படிக்க இடம் உண்டுன்னு ரெண்டு வரி கடிதம் கேட்டு உங்க வாசல்ல மூணு தடவை நின்னேன். விதி இடம் கொடுக்கலைன்னீங்க. அவனை நாடு கடத்தினாங்க. போன மாசம் உங்க அயல்நாட்டு மாணவர் பட்டியலைப் பார்த்தேன். அதுல நாலு வருஷமா அவன் இங்க படிச்சிட்டிருக்கான்! தோர்ஸ்டன், அந்தப் பேரை வருஷாவருஷம் தட்டச்சு செஞ்சது உங்க கை. அதான் உங்க கணினியிலேருந்தே அனுப்பினேன்."

தோர்ஸ்டன் தலைகுனிந்தார். "மேல இருந்து சொன்னாங்க, எழுதினேன்."

குன்வோர் துணைவேந்தரை நோக்கினார். "பொய் எண் அனுப்பினதா உங்க புகார். எது பொய்னு தெரியாம நான் கோப்பை மூட முடியாது."

"வேண்டாம். புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன்."

"இது கடையில வாங்கின சட்டை இல்லீங்க, பிடிக்கலைன்னு மாத்திக்க. தோர்ஸ்டன், பட்டியலைத் திறங்க."

தோர்ஸ்டன் துணைவேந்தரின் கணினியில் அதைத் திறந்து திரையை ஆய்வாளர் பக்கம் திருப்பினார். 1,184 பெயர்களில், பல்கலைக்கழகத்தில் இல்லாத மாணவர்கள் எண்ணூற்றெண்பத்தெட்டுப் பேர்; செலாம் அனுப்பிய 296தான் உண்மை எண்.

"அவர் போலீசைக் கூப்பிடணும்னுதான் காத்திருந்தேன்," என்றாள் செலாம்.

"உங்க மேலயும் வழக்கு வரும்."

"வரட்டும். நீதிமன்றத்துல இந்தப் பேரெல்லாம் வாசிப்பாங்களா?"

"நீங்க கேட்டா, வாசிப்பாங்க."

செலாம் மேலங்கியை அணிந்துகொண்டு லாகர்மார்க்கை நிதானமாகப் பார்த்தாள்.

"கேப்பேன். அவசரப்படாம, ஒவ்வொரு பேரா வாசிக்கணும். இவரை முன்வரிசையில உக்கார வைங்க."